போன்கடை அக்கா அனுப்பிய குரல்

மாலை நாலு மணி பத்து நிமிஷம். அதுவரை அது மற்ற தேர்தல் நாட்களைப் போலத்தான் இருந்தது. காலையிலேயே தாராசுரத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு விடுமுறை. கணவர் ஷார்ஜாவில். வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் மடியில் இருக்கும்போதே போன் அதிர்ந்தது. ‘நம்ம ஊர்’ குழுவில் அக்காவின் குரல்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம ஸ்கூல்ல இன்னொரு மிஷின உள்ள கொண்டு போறாங்க. இப்பத்தான் வேன்லேருந்து எறங்குது. நம்ம ஓட்ட மாத்தப் போறாங்க. என் கண்ணால பாத்தேன். பாத்ததச் சொல்லிட்டேன்.”

பின்னால் ஒரு ஆடு கத்தியது. பதிவு அதோடு முடிந்தது.

அக்கா சொன்ன ஸ்கூல், குடவாசலுக்குத் தெற்கே நான் பிறந்து வளர்ந்த கிராமத்தில் இருக்கிறது. அதற்குள் அன்று வாக்காளர்களின் விரலில் மை வைத்துக்கொண்டிருந்தவள் என் மகள் மெர்சி.

அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. போன்கடை அக்கா, அவ்வளவுதான். கிழவர்களுக்கும் அக்கா, பிள்ளைகளுக்கும் அக்கா. மெர்சி மட்டும் பெரியம்மா என்பாள். ஊரில் பாதி ஆண்கள் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பிப் போன காலத்தில், வீட்டின் முன்னறையை மறித்துக் கண்ணாடிக் கதவு போட்டு, மஞ்சள் போர்டு மாட்டி, எஸ்டிடி பூத் வைத்தவர் அவர். அவருடைய கணவரும் மஸ்கட்டில்தான் இருந்தார்.

வெளிநாட்டிலிருந்து மணி அடிக்கும். “அரை மணி கழிச்சுக் கூப்பிடுறேன், எங்க அம்மாவ வரச் சொல்லுங்கக்கா” என்று வைத்துவிடுவார்கள். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புவார். வீடு வாய்க்காலுக்கு அக்கரையில் என்றால் கரையில் நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிடுவார். அந்தக் குரல் நடவு வயல் தாண்டிப் போகும். சேற்றுக் காலோடு ஓடி வருவார்கள். பேசி முடித்து அழுகிறவர்கள் உட்கார ஒரு மோடா போட்டிருப்பார். ரிசீவரை முந்தானையால் துடைத்து அடுத்தவர் கையில் கொடுப்பார்.

ஆனால் காதில் விழுந்ததை உள்ளே வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. போன் பேசியவள் வீடு திரும்புவதற்குள் அக்கா தெருவுக்குச் சொல்லி முடித்திருப்பார். “மேலத்தெரு மருமவளுக்கு ஆம்பளப் புள்ளயாம். அப்பங்காரன் போன்லயே அழுவுறான், கேக்கவே நல்லாருந்துச்சு.” இதில் கள்ளம் கிடையாது. அவர் வீட்டில் பலாப்பழம் அறுத்தால் தெருவில் எல்லா வீட்டுக்கும் சுளை போகும். சேதியும் அவருக்கு அப்படித்தான்.

ஒருமுறை மஸ்கட்டில் ஒருவருக்கு வேலை போய்விட்டது. தம்பியைக் கூப்பிட்டுப் பேசி, மனைவிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னார். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் யாரோ அந்த மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் குடத்தோடு போன்கடை வாசலில் வந்து நின்றாள்.

“என் புருஷன் சேதி ஊர் பூரா சுத்திட்டுக் கடைசியா எனக்கு வருது. நல்லாருக்கா அக்கா?”

“நல்லதச் சொல்லலாம், கெட்டதச் சொல்லக் கூடாதுன்னா என்ன நாயம்? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் ஒரு வழி பொறக்கும்.”

வழி பிறந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் துபாயில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண் அதன் பிறகு போன் பேச வெயிலில் குடவாசல் வரை நடந்தாள். அக்கா கடைப் படி மிதிக்கவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அக்காவை நினைக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில்தான் போய் முட்டிக்கொள்கிறேன்.

ஏனென்றால் அந்த வாய்தான் எங்களைக் காப்பாற்றியது. காலமெல்லாம் கூலிக்கு நட்ட வயலை அப்பா முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா வைத்திருந்த வருஷம். விடாத மழை. வாய்க்கால் கரையில் நூல் மாதிரி தண்ணீர் கசிவதை அக்கா பார்த்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் நண்டு வளை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள். அக்கா தெருத் தெருவாக ஓடினார். “கரை போவுது, வாங்க. என் கண்ணால பாத்தேன்.” வைக்கோலும் மூங்கிலும் மண்மூட்டையுமாக ஊரே வந்து அடைத்தது. அன்று உடைப்பெடுத்திருந்தால் அப்பா மறுபடி கூலிக்குப் போயிருப்பார். நான் படித்திருக்க மாட்டேன். மெர்சி ஆசிரியை ஆகியிருக்க மாட்டாள். அப்படியென்றால் அந்தத் தேர்தலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மாட்டியிருக்கவும் மாட்டாள். யோசனை எப்போதும் இங்கே வந்து சுற்றிக்கொள்கிறது. நிறுத்திவிடுகிறேன்.

தேர்தல் அன்று அக்காவின் குரலைக் கேட்டதும் மெர்சிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள், பணியில் இருக்கிறவர்கள் அப்படித்தான் வைக்க வேண்டும். எந்தச் சாவடி என்று முந்தின நாள்தான் அவர்களுக்குத் தெரியும். அவள் மன்னார்குடிப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஆணையைக் கையில் வாங்கியதும் கூப்பிட்டாள். “ம்மா, எந்த ஊரு சொல்லு பாப்போம். உன் ஊருதான்.” எனக்கு மனசு லேசாகிவிட்டது. முதல் தேர்தல் பணி, தெரியாத பள்ளிக்கூடத்தில் இரவு தங்க வேண்டும், கழிப்பறை எப்படியோ என்று ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தவள் நான். உடனே அக்காவுக்குச் சொன்னேன். “ஒனக்கு எதுக்குக் கவல? அது என் புள்ள” என்றார். அன்று ராத்திரியே இட்லியும் சாம்பாரும் கொண்டுபோய், அங்கிருந்த எல்லா அலுவலர்களுக்கும் போட்டிருக்கிறார். யார் வீட்டுச் சாப்பாட்டையும் தொடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். “விதிக்குப் பசிக்குமாடி?” என்று கேட்டாராம்.

சரி, அக்கா அங்கேதான் இருக்கிறார், ஒன்றும் ஆகாது என்று முறத்தை எடுத்தேன். அடுத்த குரல் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. எழுந்து செருப்பை மாட்டினேன்.

ஊர்க்காரர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அதற்கு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒட்டியே அது இருக்கிறது. நெல்லின் ஈரப்பதம் பார்க்க அங்கே ஒரு சின்ன மிஷின் உண்டு. அதில் எண் ஏறினால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். மறுபடி காய வைத்து, மறுபடி குவித்து, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக் காவல் கிடக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு அறுவடையில், காலையில் ஒரு மிஷின் இருந்தது. மதியத்துக்கு மேல் இன்னொன்று வந்தது. அதிலிருந்து எல்லோர் நெல்லும் ஈரம் என்று திரும்பியது. அக்காதான் பார்த்தார். ஒரு பையில் வைத்து உள்ளே கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நெல் குவியலாகப் போய்ச் சொன்னார். நெல் ஏற்றிய லாரி வெளியே போகாமல் ஊரே வாசலில் உட்கார்ந்தது. திருவாரூரிலிருந்து அதிகாரி வந்து, ஒரே நெல்லை இரண்டு மிஷினிலும் போட்டுப் பார்த்தார். இரண்டாவது மிஷின்தான் தப்பு.

அன்றிலிருந்து ஊரில் ஒரு பாடம் ஊறிவிட்டது: மதியத்துக்கு மேல் இரண்டாவது மிஷின் வந்தால் ஏமாற்று. வாசலில் உட்கார். பெரிய அதிகாரி வரும்வரை எதையும் வெளியே விடாதே. அக்கா பார்த்ததாகச் சொன்னால் அது நடந்ததுதான்.

தேர்தல் அன்றும் இரண்டாவது மிஷின் மதியத்துக்கு மேல்தான் வந்தது.

எஸ்டிடி பூத் மூடி வெகுநாளாகிவிட்டது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கண்ணாடிக் கதவுக்குள் அக்கா வெங்காயமும் சோப்பும் விற்றார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு நல்ல போன் அனுப்பினான். அதற்குப் பிறகு அவருக்கு வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது. எழுத வராது, குரலில்தான் சொல்வார். “ரேஷன்ல பருப்பு வந்துடுச்சு.” “டிரான்ஸ்பாரம் எரிஞ்சிடுச்சு, ராத்திரி கரண்ட் வராது.” “வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நான் பாத்தேன், மதகுகிட்ட நுரை வருது.” கடைசிச் சேதிக்குத் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போடுவார்கள். சொந்த வயலில் தண்ணீர் ஏறுவதை அக்கா குரலில்தான் அவர்கள் கேட்டார்கள்.

பிறகு, வேறு இடங்களிலிருந்து வருவதையும் அனுப்ப ஆரம்பித்தார். உப்பு கிடைக்காமல் போகப்போகிறது. ஒரு தலைவர் மேடையில் விவசாயிகளைத் திட்டுகிறார். மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் திட்டுகிறார். அக்காவுக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சியின் பொய்யும் அவர் வழியாகப் போயிற்று. நான் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னேன்.

“அக்கா, அந்த வீடியோ வெட்டி ஒட்டினது. அவர் அப்படிப் பேசல.”

“வாய் அசையுதுல்ல? என் கண்ணால பாத்தேன்.”

“போன்ல பாத்தீங்க.”

“போன்ல பாக்குறதுக்குக் கண்ணுதானே வேணும்? இங்க பாரு புள்ள, நீ யாரும் படிக்காத புக்க அடுக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றான் ஒன் லைப்ரரிக்கு? எனக்கு இங்கேருந்து சிங்கப்பூரு வரைக்கும் ஆளு இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் கூடுதலாக வந்தது.

கும்பகோணம் நிலையத்தில் குடவாசல் பஸ் கிடைப்பதற்குள் குழுவில் எண்ண முடியாத அளவுக்கு வந்து குவிந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன். அக்காவின் குரல் மறுபடி மறுபடி வந்தது, வெவ்வேறு ஆட்கள் அனுப்பி. வெளி ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் நன்னிலத்தில் வேறு குழுவில் கேட்டதாகச் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி பேசினான். அவனுடைய அம்மா அந்தக் காலத்தில் போன்கடை மோடாவில் உட்கார்ந்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“லீவு கேட்டேன் மாப்ள, குடுக்கல. நான்தான் போட முடியாத ஆளு. போட்ட உங்க ஓட்டையாச்சும் காப்பாத்துங்கடா. பொட்டி வெளிய போச்சுன்னா அவ்வளவுதான். விடாதீங்க.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஓட்டே போட முடியாதவர்கள்தான் அன்று மற்ற எல்லாரையும்விட உரக்கப் பேசினார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டு ஊரைக் காவல் காத்தார்கள்.

பாதி வழியில் அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் நின்று மெர்சி இரண்டு கைகளாலும் ஒரு பெட்டியை வாங்குகிறாள். வரிசையில் நின்ற யாரோ எடுத்திருக்கிறார்கள். அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘இவதான் மாத்துனது.’

அதற்குக் கீழே: ‘யாரு பொண்ணு இது?’

‘தாராசுரமாம்.’

‘சர்ச்சுக்காரங்களாம்.’

‘அப்ப யாருக்காக மாத்தியிருப்பான்னு தெரிஞ்சுபோச்சு.’

‘ஊரே ஸ்கூல் வாசல்ல உக்காந்தாச்சு, ஒருத்தரையும் வெளிய விட மாட்டோம்.’

அது என் பொண்ணு என்று அடித்தேன். அழித்தேன். அந்தக் குழுவில் இருந்த பாதிப் பேர் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். என் அப்பாவோடு நாற்று நட்டவர்கள். சொன்னால் விட்டுவிடுவார்களா, இல்லை வட்டத்தின் பக்கத்தில் என் பெயரையும் எழுதுவார்களா? மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன். பஸ் எங்கேயோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர், “ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார்.

அக்காவின் எண் ஓயாமல் எங்கேஜ்டு. ஒருவழியாக எடுத்தார்.

“ஏ புள்ள, காலேலேருந்து ஒரே போனு, காது சுடுது. மெர்சிக்கு ராத்திரிக்கு சப்பாத்தி போட்டுக்கிட்டிருக்கேன். குருமா கொதிக்குது. நீ எதுக்கு அழுவுற?”

“அக்கா, நீங்க போட்ட வாய்ஸக் கேட்டுட்டு ஊரே வாசல்ல உக்காந்திருக்கு. அவள வெளிய விட மாட்டேங்குறாங்க. அவதான் மாத்துனான்னு படம் போட்டிருக்காங்க.”

அவர் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“நான் மிஷினத்தானே சொன்னேன்? புள்ளைய நான் எங்க சொன்னேன்?”

அதில் நடிப்பு இல்லை. மிஷினை உள்ளே கொண்டுபோனால் அதைக் கையில் வாங்க ஒரு ஆள் இருப்பார், அந்த ஆளுக்கு முகம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முந்தின ராத்திரி அந்த முகத்துக்குத்தான் இட்லி போட்டார்.

இந்த இடத்தில், அந்தத் தேர்தலோடு அக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. நிறுத்தவில்லை. சில மாதம் சும்மா இருந்தார். பிறகு பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒன்று அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு மூலிகை. கடைசிவரை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இறந்த சேதியும் அதே குழுவில்தான் வந்தது. பார்த்துச் சொல்ல அவர் இல்லாததால் பாதிப் பேர் நம்பவில்லை. நான் கூட வேறு ஒருவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன்.

மெர்சியின் படமும் நிற்கவில்லை. போன தேர்தலின்போது வேறு மாநிலத்து மொழியில் ஏதோ எழுதி, அதே வராந்தா, அதே சிவப்பு வட்டம், யாரோ எனக்கே அனுப்பினார்கள். அங்கே எந்த ஊரில் எந்தப் பெட்டியை அவள் மாற்றியதாகச் சொல்கிறார்களோ தெரியாது. அவளிடம் சொல்லவில்லை. அவளும் பார்த்திருப்பாள், அவளும் என்னிடம் சொல்லவில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தாலே இரண்டு பேரும் சாப்பாட்டின்போது வேறு எதையாவது பேசுகிறோம்.

அன்று நான் பஸ் இறங்கிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுப் பதிவு முடிந்து, கம்பிக் கதவை உள்பக்கமாகப் பூட்டியிருந்தார்கள். வாசலில் கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்த மாதிரியே ஊர் உட்கார்ந்திருந்தது. சாக்கு விரித்திருந்தார்கள். தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். பழகிய வேலை. அடிதடிக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை. நெல்லுக்குக் காவல் இருக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அதுதான் எனக்கு மேலும் பயமாக இருந்தது. பின்னால் நின்ற இளைஞர் கூட்டம் அப்படி இல்லை. அங்கிருந்து ஒரு கல் போய் ஜன்னல் கதவில் விழுந்தது. உள்ளே ஒரே ஒரு போலீஸ்காரர். அவர் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பி வழியாக மெர்சி தெரிந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தாள்: வராதே.

என்னோடு படித்த ஒருவன் முன்வரிசையில் இருந்தான். குனிந்து அவன் காதில் சொன்னேன். “அது என் பொண்ணுப்பா.”

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். “எனக்குத் தெரியாதே” என்றான். எழுந்திருக்கவில்லை. “ஆபீசரு வரட்டும். வந்தா விட்ருவோம். ஒனக்குத் தெரியும்ல, இங்க எப்புடின்னு.”

அப்போதுதான் அக்கா டிபன் கேரியரோடு வந்தார். நான்கு அடுக்கு. கூட்டம் தானாக வழி விட்டது. “அக்கா வந்துட்டாங்க” என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். அக்கா நேராகக் கதவருகே போய், திரும்பி நின்றார்.

“டேய், எழுந்திரிங்க. உள்ள இருக்கிறது நம்ம புள்ள. சின்னதுல இந்தத் தெருவுல ஓடி வெளையாடுனது. அது ஒண்ணும் மாத்தல. வழி விடுங்க, சாப்புடட்டும்.”

“நீங்கதானே அக்கா சொன்னீங்க?”

“மிஷின் போனதச் சொன்னேன்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் போனை உயர்த்திப் பிடித்தான். சத்தத்தைக் கூட்டினான். “நம்ம ஓட்ட மாத்தப் போறாங்க. என் கண்ணால பாத்தேன். பாத்ததச் சொல்லிட்டேன்.” ஆடு கத்தியது. கூட்டம் சிரித்தது.

“சாயங்காலம் ஒரு பேச்சு, இருட்டுனா ஒரு பேச்சா அக்கா?”

“யாரு வந்து ஒங்களக் கவனிச்சுட்டுப் போனாங்க அக்கா? சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.”

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் வேறு ஒரு போனிலிருந்து அவருடைய குரல் மறுபடி எழுந்தது. பிறகு இன்னொன்றிலிருந்து, கொஞ்சம் பிந்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே பேசினார். யார் பேசுவது என்று தேடுகிறவர் மாதிரி அவர் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. வாய்க்கால் தாண்டிக் கேட்கும் தொண்டை அது. தன் குரலைத் தாண்டி மட்டும் அவரால் பேச முடியவில்லை. கேரியரைக் கதவு ஓரம் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அருகில் நின்றேன். அவரைத் தொடவில்லை. தொட முடியவில்லை.

ஜீப் வெளிச்சம் தெரிந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. மண்டல அலுவலர் இறங்கினார். நாள் முழுக்க வெயிலில் சாவடி சாவடியாக அலைந்த முகம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கதவைத் திறக்கச் சொன்னார். முதலில் வெளியே வந்தவர்கள் கட்சிகளின் ஏஜெண்டுகள். எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள்தான். காலையிலிருந்து போன் இல்லாமல் உள்ளேயே இருந்தவர்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“சீட்டு உழுவுற மிஷின் சிக்கிக்கிச்சு. வேற கொண்டாந்தாங்க. எல்லாக் கட்சிக்காரனும் நின்னு பாத்து, கையெழுத்துப் போட்டோம். இதுக்கா இம்புட்டுப் பேரும் உக்காந்திருக்கீங்க?”

அவர் தெருவில் பொய் சொல்லாத ஆள் என்று பெயர் எடுத்தவர். வெவ்வேறு கட்சிக்காரர்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். என்னோடு படித்தவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் போனான்.

அலுவலர் தன் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டார். அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. கடைசிவரை ஓடவிட்டு நிறுத்தினார்.

“இந்தக் குரல் யாரோடது?”

குனிந்த தலைகள். அரை இருட்டில் போன் வெளிச்சங்கள் மட்டும். எல்லாக் கட்டைவிரல்களும் வேகமாக எதையோ அழித்துக்கொண்டிருந்தன. மெர்சி வராந்தாவில் வந்து நின்றாள். அவள் விரல்களில் காலையிலிருந்து ஒட்டிய மை.

“கேக்குறேன்ல? யாரோடது?”

அக்காவுக்கு அழிக்கத் தெரியாது. கதவுக் கம்பியைப் பிடித்து எழுந்தார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். என் மகளைப் பார்த்தார், பிறகு அலுவலரைப் பார்த்தார்.

“என்னோடதுங்க. மிஷின் உள்ள போனதப் பாத்தேன். ஓட்ட மாத்துனத நான் பாக்கல. பாக்காததையும் சேத்துச் சொல்லிட்டேன்.”